லாரிக்கு 24 வோல்ட் கேமரா செட்: ஓவர்டேக் முடித்து இடப்பக்கம் சேர எவ்வளவு உதவும்?

லாரி உதிரிபாகக் கடைகளிலும் ஆன்லைனிலும் இப்போது கிடைக்கிற செட்டுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு: நான்கு கேமரா, 7 அங்குலத் திரை, வயர் கட்டு. ரிவர்ஸ் எடுக்க, லோடு திருட்டைப் பார்க்க, விபத்து வழக்கில் சாட்சிக்கு என்று பல காரணம் சொல்லி விற்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு வேலையை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி இன்னொரு லாரியிடம் சைடு வாங்கி, தாண்டி, மறுபடி இடப்பக்கத் தடத்தில் சேரும்போது இது டிரைவருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இடப்பக்கம் பின்னோக்கிப் பார்க்கும் கேமராவுக்குக் கொடுக்கிற காசு தகும். பின்பக்கக் கேமரா ரிவர்ஸுக்கு நன்று, ஓவர்டேக்குக்கு அவ்வளவாக இல்லை. வலப்பக்கக் கேமரா இருந்தால் இருக்கட்டும். முன்பக்கக் கேமராவுக்கும் ஓவர்டேக்குக்கும் சம்பந்தம் கிடையாது. எண்ணிக்கையை நான்காக்க வைத்தது அது.

காரணம் டிரைவர் உட்காரும் இடம். நம் வண்டிகளில் ஸ்டீயரிங் வலது பக்கம், தாண்டுவதும் வலது பக்கம். வெளியே வரும்போது பார்க்க வேண்டிய வலப்பக்கக் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் மீதியும் தெரிந்துவிடும். சிக்கல் திரும்பி உள்ளே வரும்போதுதான். பார்க்க வேண்டிய கண்ணாடி கேபினின் அந்தக் கோடியில், இரண்டு மீட்டர் தள்ளி. இடப்பக்கக் கதவுக்குக் கீழேயும் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலும் இருக்கிற பைக்கோ சின்னக் காரோ அதில் விழாது. முன்பெல்லாம் அந்தப் பக்கத்துக்குக் கிளீனர்தான் கண். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "வா, வா, ரைட்" என்று கதவில் தட்டுவார். இன்று பல வண்டிகள் கிளீனர் இல்லாமலே ஓடுகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் ஆகிவிட்டது. டிரைவரின் உடம்புக்கு அது நல்லதுதான். ஆனால் ஜன்னல் மூடியபின் எட்டிப் பார்ப்பதும் இல்லை, கை காட்டுவதும் இல்லை. 1989 சாலை விதிமுறையில், பின்னால் வரும் வண்டியைத் தாண்டிப் போகச் சொல்ல வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக ஆட்ட வேண்டும் என்று ஒரு சைகையே இருந்தது. ஏ.சி. கேபினில் அதை யார் செய்வார்கள்?

ஆக, கிளீனர் விட்டுப்போன இடத்தை இந்தக் கேமரா நிரப்புகிறதா என்பதே கேள்வி. பாதி நிரப்புகிறது. மீதிப் பாதி, தாண்டப்படுகிற லாரிக்காரர் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் செட்டைப் பிரித்துப் பார்க்கலாம். வயர்லெஸ் செட் வேண்டாம். பொருத்துவது சுலபம் என்பதைத் தவிர அதில் லாபம் எதுவும் இல்லை. படம் தாமதமாக வரும், இரும்பு பாடிக்கு நடுவில் சிக்னல் விட்டுவிட்டு வரும். மணிக்கு 20 கி.மீ. வேக வித்தியாசத்தில் அரை நொடித் தாமதம் என்றால் பக்கத்து வண்டி திரையில் தெரிவதைவிட கிட்டத்தட்ட 2.8 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பைக் முழுசாக மறையப் போதுமான தூரம். வயர் வைத்த ஏ.ஹெச்.டி. (வயர் வழியே தெளிவான படம் அனுப்பும் வகை) கேமரா, நான்கு பின் உள்ள திருகு கனெக்டர் (கடையில் 'ஏவியேஷன் கனெக்டர்' என்று கேட்டால் தருவார்கள்), இதுதான் நெடுஞ்சாலைக்கு. படத் தெளிவு 720பி போதும்; 1080பி வாங்கி 7 அங்குலத் திரையில் பார்ப்பதில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தண்ணீர் தாங்கும் தரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐ.பி.67 என்பது தண்ணீரில் முங்கினால் தாங்கும் என்ற கணக்கு. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்ப் வைத்து அடிக்கும் தண்ணீரைத் தாங்குவதற்கான தரம் ஐ.பி.69கே. மழையில் தாக்குப்பிடித்த கேமரா சர்வீஸுக்குப் போய்வந்ததும் உள்ளே ஆவி படிந்து மங்கினால் காரணம் இதுதான். 69கே போட்டிருந்தாலும் பம்ப் முனையை லென்ஸுக்கு நேரே பிடிக்காமல் இருப்பது நல்லது.

பொருத்துவதில்தான் பாதி செட்டுகள் வீணாகின்றன. இடப்பக்கக் கேமராவைக் கண்ணாடிக் கம்பியில் கட்டுவது எளிது என்பதால் எலக்ட்ரீசியன் அங்கேதான் கட்டப் பார்ப்பார். என்ஜின் நடுக்கம் அந்தக் கம்பியில்தான் அதிகம். படம் நடுங்கும், இரவில் வெறும் கோடாகத் தெரியும். கேபினின் பக்கவாட்டில், கதவின் மேல் விளிம்புக்கு மேலே, அல்லது பாடியின் முன் மூலையில், தரையிலிருந்து 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். இதற்குக் கீழே இறக்கினால் முன் டயர் அடிக்கும் சேறு லென்ஸில் வந்து உட்காரும். கோணம் வைக்கும்போது படத்தின் ஓரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நம் பாடியே தெரிகிற மாதிரி வையுங்கள். பாடி தெரியாத படத்தில் எது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கண் பிடிக்காது.

இன்னொரு விஷயம், படத்தை இடவலமாகத் திருப்பும் 'மிரர்' அமைப்பு. பின்னோக்கிப் பார்க்கும் எல்லாக் கேமராவுக்கும் அது போட்டிருக்க வேண்டும். சரிபார்க்க ஒரு வழி: இடப்பக்கக் கேமரா படத்தில் நம் பாடி வலது ஓரத்தில் தெரிய வேண்டும், இடப்பக்கக் கண்ணாடியில் தெரிவது போலவே. இடது ஓரத்தில் தெரிந்தால் அமைப்பு தலைகீழ். இந்தத் தவறோடு ஓடும் வண்டியில் திரை இல்லாமல் இருப்பதே மேல்.

டில்ட் கேபின் வண்டியில், கேபின் மடங்கும் இடத்தில் வயருக்குச் சுருள் விட்டுக் கட்ட வேண்டும். இழுத்துக் கட்டினால் என்ஜின் பார்க்கக் கேபினைச் சாய்க்கும் முதல் நாளே வயர் அறுந்துவிடும். டிரெய்லர் என்றால் கதையே வேறு. கேபினில் இருக்கிற இடப்பக்கக் கேமரா நேர்சாலையில் சரியாகக் காட்டும். வளைவில் டிரெய்லரின் பக்கவாட்டு இரும்பை மட்டுமே காட்டும். பின்பக்கக் கேமராவுக்குக் குதிரைக்கும் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) டிரெய்லருக்கும் நடுவே சுருள் கேபிளும் தனி சாக்கெட்டும் வேண்டும். அந்தச் செலவைச் செட் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மின்சாரம் எடுப்பது அடுத்த கண்டம். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகிறது. சில செட்டுகள் 12 வோல்ட்டுக்கு மட்டும் ஆனவை. அதை ஒற்றைப் பேட்டரியிலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டால் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தப் பேட்டரிக்கு எப்போதும் சார்ஜ் குறைவு, இன்னொன்றுக்கு எப்போதும் அதிகம். கடைசியில் இரண்டுமே போகும், பழி ஆல்டர்னேட்டர் மேல் விழும். 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்ட செட்டை மட்டும் வாங்கி, சாவி போட்டபின் உயிர்பெறும் லைனிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுங்கள்.

இனி டிரிகர் வயர். இண்டிகேட்டர் லைனிலிருந்து ஒரு மெல்லிய வயரைத் திரைக்குக் கொடுத்தால், இடது இண்டிகேட்டர் போட்டதும் இடப்பக்கப் படம் முழுத்திரையாக விரியும். செட்டின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் நான்காகப் பிரித்த திரையில் ஒவ்வொரு படமும் மூன்றரை அங்குலம்தான். ஓட்டிக்கொண்டே அதில் பைக்கைத் தேட முடியாது. ஆனால் இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிவது. நிமிடத்துக்கு 90 முறை மின்னினால் ஒவ்வொரு மூன்றில் ஒரு நொடிக்கும் டிரிகர் அணைந்து அணைந்து வரும், திரையும் அதற்கேற்பத் தாவும். மெனுவில் 'டிலே' என்று இருக்கும் இடத்தில் 2 அல்லது 3 நொடி வைத்தால் நின்றுவிடும். அந்த வசதி இல்லாத திரையை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஹசார்ட் போட்டால் இரண்டு டிரிகரும் சேர்ந்து வரும். அப்போது திரை என்ன செய்கிறது என்றும் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

திரையைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டுவதைவிட டாஷ்போர்டின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக வைப்பது நல்லது. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கப் போகிற கண், போகிற வழியிலேயே திரையையும் பார்த்துவிடும். இரவில் வெளிச்சம் தானாகக் குறையாத திரை கண்ணைக் கூசவைக்கும். எதிர்வரும் வண்டியின் லைட்டுக்கு மேல் இதுவும் சேர்ந்தால் சாலை தெரியாது.

இவ்வளவு செய்தபின்னும் திரை ஒரு பொய் சொல்லும். 130, 150 டிகிரி அகல லென்ஸ் எல்லாவற்றையும் தூரமாகக் காட்டும். குவிந்த கண்ணாடியும் அப்படித்தான், லென்ஸ் இன்னும் மோசம். 10 மீட்டரில் இருக்கும் லாரி 30 மீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும், டிரைவர் நம்பி உள்ளே வந்து பின்வண்டியின் பம்பரை உரசும்படி கட் அடிப்பார். இதற்கு மருந்து ஒரு மாலை வேலை. சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, பக்கத்துத் தடம் இருக்கும் இடத்தில், நம் பின் பம்பரிலிருந்து 10, 20, 40 மீட்டரில் ஆளுயரத்துக்கு ஏதாவது வைத்து, திரையில் அது தெரியும் இடத்தில் மெல்லிய டேப் ஒட்டிவிடுங்கள். நாம் தாண்டிய வண்டி 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் போகும்வரை ஸ்டீயரிங் திரும்பக் கூடாது. கண்ணாடிக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: தட்டைக் கண்ணாடியில், நாம் தாண்டிய லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுசாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

40 மீட்டர் ஏன்? 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். 40 மீட்டர் என்பது இரண்டு நொடிக்கும் கொஞ்சம் குறைவு. லோடு வண்டிக்கு இது குறைந்தபட்சம், தாராளம் அல்ல.

இங்கேதான் கேமராவால் முடியாத பகுதி வருகிறது. நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு உச்ச வேகம் 80. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதற்கு மேல் விடாது. முன்னே போகிறவர் 76-ல் போகிறார், பின்னே வருகிறவர் 80-ல் தாண்டுகிறார் என்று வையுங்கள். வண்டிகள் ஆளுக்கு 12 மீட்டர், வெளியே வரும்போது 40 மீட்டர் இடைவெளி, உள்ளே சேரும்போது 40. மொத்தம் 104 மீட்டர் முந்த வேண்டும். 4 கி.மீ. வித்தியாசத்தில் அதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஓடிய தூரம் 2 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வளவு நேரமும் வலப்பக்கத் தடம் அடைப்பு, பின்னால் கார்கள் ஹாரன். தாண்டப்படுகிறவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்து 70-க்கு இறங்கினால் அதே வேலை 37 நொடியில், சுமார் 830 மீட்டரில் முடிந்துவிடும். அவருக்கு இழப்பு எவ்வளவு? ஒரு நிமிடம்கூட இல்லை. எந்தக் கடையிலும் விற்காத பாகம் இது. தாண்டப்படும் வண்டி வேகத்தைக் கூட்டக் கூடாது என்பது ஓட்டுநர் விதிமுறையிலேயே இருக்கிறது. குறைத்துக் கொடுப்பது மட்டும் அவரவர் மரியாதை.

பக்கத்துப் பக்கமாக ஓடும் அந்த நேரம் எவ்வளவு நெருக்கமானது என்பதையும் பார்க்கலாம். தடத்தின் அகலம் 3.5 மீட்டர், வண்டியின் அகலம் 2.6 வரை. இரண்டு பேரும் தங்கள் தடத்தின் நடுவில் போனால் பாடிக்கும் பாடிக்கும் நடுவே 90 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகளைக் கழித்தால் அரை மீட்டர்தான் மிச்சம். உயரமான கன்டெய்னர் தாண்டும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். காலி வண்டிக்கும் தார்பாய் கட்டிய வைக்கோல், பஞ்சு லோடுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆகவே தாண்டப்படுகிறவர் இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஒரு சாண் ஒதுங்குவதும், தாண்டுகிறவர் வலது ஓரம் ஒட்டி ஓடுவதும் ஒரு சேர நடக்க வேண்டும்.

அடுத்தது லைட். தாண்டிய லாரியின் வால் தன் மூக்கைக் கடந்து போதிய இடம் விழுந்ததும் பின்னால் இருப்பவர் ஒரு முறை டிப் அடித்து (ஹெட்லைட்டைச் சிமிட்டி) "வா" என்று சொல்வது நல்ல பழக்கம். அமெரிக்க லாரிக்காரர்களிடம் இது ஊறிப்போன ஒன்று. உள்ளே வந்தவர் பின்விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார். நம் சாலையில் ஒரு சிக்கல்: இங்கே டிப் அடித்தால் "நான் வருகிறேன், ஒதுங்கு" என்றும் அர்த்தம். அதே வெளிச்சத்துக்கு நேர் எதிரான இரண்டு பொருள். வலது இண்டிகேட்டரும் அப்படித்தான். ஒருவர் "எதிரே வண்டி வருகிறது, வராதே" என்று போடுகிறார், இன்னொருவர் "தாண்டிப் போ" என்று போடுகிறார், மூன்றாமவர் உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போகிறார். எனவே டிப்பை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாமல் உதவி என்று எடுத்துக்கொள்வதே சரி: டிப் வந்ததும் கண்ணாடி, திரை, பிறகு இண்டிகேட்டர், குறைந்தது மூன்று மின்னல், அப்புறம் ஸ்டீயரிங். மூன்று மின்னலுக்கு இரண்டு நொடி. 80-ல் 44 மீட்டர். அதற்குள் பின்னால் இருப்பவரும் சுதாரித்துக்கொள்வார்.

டிப் அடிப்பவருக்கும் ஒன்று. இரவில் ஹை பீம் அடித்தால் முன்வண்டியின் இடப்பக்கக் கேமரா முழுசும் வெள்ளையாகிவிடும், கண்ணாடியும் கூசும். உதவப் போய் கண்ணைக் கட்டிய கதை. ஹெட்லைட்டை ஒரு முறை அணைத்துப் போட்டாலே போதும்; பார்க்கிங் லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

செட் வாங்குகிறவர்கள் அடிக்கடி மறக்கிற ஒரு சின்னச் சாமான் பக்கவாட்டு இண்டிகேட்டர். பக்கத்தில் ஓடும் வண்டிக்கு நம் முன் இண்டிகேட்டரும் தெரியாது, பின் இண்டிகேட்டரும் தெரியாது. பாடியின் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக 24 வோல்ட் மஞ்சள் எல்.இ.டி. வைத்து இண்டிகேட்டர் லைனோடு இணைத்துவிட்டால், நாம் உள்ளே வரப்போவது பைக்காரருக்கும் தெரியும். கேமரா நமக்குக் காட்டுகிறது. இது அவருக்குக் காட்டுகிறது. காசு குறைவாக இருந்தால் முதலில் இதையும் இடப்பக்க அகலக் கோணக் கண்ணாடியையும் போடுங்கள், கேமரா அடுத்த மாதம் வரட்டும். வட்டமாக ஒட்டுகிற இரண்டு அங்குல ஸ்டிக்கர் கண்ணாடி கார்களுக்குச் சரி. லாரியில் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் அதில் ஒன்றும் தெரியாது.

செட்டோடு சேர்த்து விற்கும் ரேடார் பஸ்ஸரைத் தவிர்க்கலாம். தடுப்புச் சுவர், பேரிகேட், டோல்கேட் தூண் எல்லாவற்றுக்கும் கத்தும். ஊருக்குள் நிற்கவே நிற்காது. பொறுமை இழந்த டிரைவர் வயரைப் பிடுங்கிவிடுவார், அதோடு சேர்ந்து கேமராவும் போகும். மேலிருந்து பார்ப்பது போலக் காட்டும் 360 டிகிரி செட் யார்டுக்குள் திருப்ப நன்றாக இருக்கும். ஆனால் அது காட்டுவது வண்டியைச் சுற்றிச் சில மீட்டர் மட்டும். 40 மீட்டர் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தடம் மாற அது உதவாது.

எந்தச் செட் இருந்தாலும் தாண்டக் கூடாத இடங்கள் உண்டு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சேலம் பக்கம் இறங்கும்போது முன்னே போகும் லோடு வண்டி சின்ன கியரில் ஊர்ந்தால் பின்னாலேயே ஊர்வதுதான். தாண்ட எடுத்த வேகத்தைக் கீழே பிரேக் தாங்க வேண்டும். சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் நான்குவழி, புறவழிகளில் இருவழியாகச் சுருங்கிய இடங்கள் பல உயிர்களை வாங்கியிருக்கின்றன. நான்குவழிக்குப் பழகிய கை அங்கேயும் வலப்பக்கம் போகும். எதிரே வருவதை எந்தப் பின்நோக்குக் கேமராவும் காட்டாது.

விலை கடைக்குக் கடை மாறும். திரையும் இரண்டு கேமராவும் கொண்ட நல்ல வயர் செட் பெரும்பாலும் ஒரு பெரிய லாரி டயரின் விலைக்குள் அடங்கிவிடும். இடது, பின் என இரண்டு கேமரா மட்டும் கேட்டு வாங்குங்கள். நான்கு கேமராதான் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் மீதி இரண்டும் இடப்பக்கக் கேமராவுக்கு ஸ்பேர் ஆகட்டும், கனெக்டர் ஒன்றேதானா என்று மட்டும் பாருங்கள். வாரண்டிச் சீட்டில் "தண்ணீர் புகுந்தால் பொருந்தாது" என்ற வரி இருந்தால் அந்தக் கடையை விட்டு நகரலாம், இந்தச் சாமான் முதலில் கெடுவதே அதில்தான். கூடவே இடப்பக்கக் கேமராவுக்கு 10 மீட்டர் கேபிள் ஒன்று உபரியாகவும், லென்ஸ் துடைக்க ஒரு மெல்லிய துணியும் கேபினில் போட்டு வையுங்கள். டீக்கு நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் டயரைத் தட்டிப் பார்ப்பதோடு லென்ஸையும் ஒரு துடை.